பத்துக்கு நாலு மார்க்

மகள் அமெரிக்காவில் ஒஹையோ மாநிலத்தின் கொலம்பஸ் நகரத்தில் இருக்கிறாள். போன வருடம் மார்ச் மாதக் கடைசியில் அங்கே போய் இறங்கினேன். காலண்டரில் வசந்தம் பிறந்து ஒரு வாரம் ஆகியிருந்தது. வாசலில் மட்டும் பனி உருகாமல் அழுக்குக் குவியலாகக் கிடந்தது. திருச்சியில் பங்குனி வெயில் மண்டையைப் பிளக்கும் நேரத்தில் நான் ஸ்வெட்டருக்கு மேல் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தேன்.

அந்த ஜன்னலுக்கு எதிரில்தான் மகளுடைய கண்ணாடி அலமாரி. உள்ளே நாற்பத்து மூன்று பொம்மைகள். எல்லாம் பார்பியும் பார்பி அளவுப் பொம்மைகளும். பேத்தியுடையது என்றுதான் வெகுநாள் நினைத்திருந்தேன். பேத்திக்குப் பத்து வயது. அவளுக்குக் கால்பந்து தவிர வேறொன்றும் தெரியாது. பொம்மைகள் அத்தனையும் என் மகளுடையவை. அவளுக்கு நாற்பத்தைந்து வயது. மாப்பிள்ளையிடம் ஜாடையாகக் கேட்டேன். "அத்தை, சிலர் காசை நகையில போடுவாங்க, சிலர் நிலத்துல போடுவாங்க. நான் இதுல ஒண்ணும் கேக்கறதில்லை" என்று சொல்லிவிட்டுக் காபி டம்ளரோடு நகர்ந்துவிட்டார்.

நம் வீடுகளில் நவராத்திரிக்கு மரப்பாச்சிக்குப் புதுத் துணி கட்டுவோம் அல்லவா, அதுபோல இவள் பருவத்துக்குப் பருவம் பொம்மைகளுக்கு உடுப்பு மாற்றுகிறாள். குளிர்காலத்துக் கோட்டுகள் டப்பாவுக்குள் போகும். வசந்தகால உடுப்புகள் வெளியே வரும். ஈஸ்டருக்குப் புதுத்துணி போடும் பழக்கம் அங்கே உண்டு. அந்தச் சமயத்தில் பொம்மைகளுக்கும் புதுசு வந்து இறங்கும். போன வருடம் ஆறு செட் சேர்ந்திருந்தன. ஆறையும் சாப்பாட்டு மேஜையில் ஒரு வெள்ளைத் துண்டின் மேல் வரிசையாக வைத்தாள்.

"அம்மா, முப்பத்தொரு வருஷம் தையல் டீச்சரா இருந்தே. இந்த ஆறையும் பார்த்து மார்க் போடு. பிள்ளைங்க ரெக்கார்டு நோட்டுக்குப் போடுவியே, அப்படி. தயவு தாட்சண்யம் பார்க்காதே."

எனக்கும் பொழுது போகவில்லை. கண்ணாடியை மாட்டிக்கொண்டேன். இஞ்ச் டேப் கேட்டு வாங்கி வைத்துக்கொண்டேன்.

பார்பியின் உயரம் பதினொன்றரை அங்குலம். நம்மில் ஆறில் ஒரு பங்கு என்பது கணக்கு. அப்படிப் பார்த்தால் அவள் ஐந்தடி ஒன்பது அங்குலப் பெண். இந்த ஆறு என்ற எண் நமக்கு வெகு வசதி. நம் ஆறு கஜம் புடவை அவளுக்குச் சரியாக ஒரு கஜம். நாற்பத்தெட்டு அங்குல அகலம் எட்டு அங்குலம் ஆகிவிடும். ஒன்பது கஜம் கட்ட வேண்டுமானால் ஒன்றரை கஜம் போதும்.

நீளத்தையும் அகலத்தையும் இப்படிச் சுருக்கிவிடலாம். துணியின் கனத்தை என்ன செய்வது? நமக்கு மெல்லியதாக இருக்கும் துணி அவள் மேல் ஜமுக்காளம் மாதிரி நிற்கும். இந்தத் தொழிலின் முழுக் கஷ்டமும் இங்கேதான் இருக்கிறது. 1959 மார்ச் மாதம் நியூயார்க் பொம்மைச் சந்தையில் பார்பி முதன்முதலாக வந்தபோது அவளுடைய உடுப்புகளை வடிவமைத்தவர் சார்லட் ஜான்சன் என்ற அம்மையார். அந்தக் காலத்தில் பொம்மையும் உடுப்பும் ஜப்பானில் தயாராகின. அதற்காகவே அவர் ஜப்பானில் போய்த் தங்கி, மெல்லிய துணி, குட்டி ஜிப், குட்டிப் பொத்தான் எல்லாம் தேடிச் செய்வித்தார். பார்பிக்கு இடுப்பு ஏன் அவ்வளவு சிறுத்திருக்கிறது என்பதற்கும் துணியையே காரணமாகச் சொல்வார்கள். பாவாடையின் பட்டை, உள் மடிப்பு, மேல்சட்டையின் ஓரம் எல்லாம் இடுப்பில் வந்து சேரும்போது நாலைந்து அடுக்குத் துணியாகிவிடும். அதற்கு மேல்தான் பார்ப்பவர்களுக்கு இடுப்பு தெரிய வேண்டும். தையல் தெரிந்தவர்களுக்கு இந்தக் காரணம் உடனே புரியும்.

இனி மார்க்குக்கு வருகிறேன். கம்பெனி பெயர்கள் வேண்டாம்.

முதலாவது, வெளிர் ரோஸில் பூப்போட்ட கவுன். தூரத்திலிருந்து அழகு. கையில் எடுத்துப் பார்த்தால் ஒவ்வொரு பூவும் ஒரு அங்குலம். ஆறால் பெருக்கிப் பாருங்கள்: நம் சட்டையில் டிபன் தட்டு அளவுக்குப் பூ இருந்தால் எப்படி இருக்கும்? பெரியவர்களுக்கு நெய்த துணியிலிருந்து வெட்டியிருக்கிறார்கள். முதுகில் மேலிருந்து கீழ் வரை ஒட்டுப்பட்டி. சீக்கிரம் மாட்டலாம், கழற்றலாம். ஆனால் முதுகு கூன் விழுந்த மாதிரி புடைத்துக்கொள்கிறது. பத்துக்கு ஐந்து.

இரண்டாவது, மஞ்சள் மழைக்கோட்டு, முழங்கால் வரை ரப்பர் பூட்ஸ், ஒரு குட்டிக் குடை. வசந்தம் என்றால் அங்கே மழை. மெல்லிய பிளாஸ்டிக் தாள் என்பதால் ஓரம் பிரியாது. மடித்து அடிக்க வேண்டிய தேவையும் இல்லை. துணியின் கனப் பிரச்சினையைத் துணியே இல்லாமல் தீர்த்துவிட்டார்கள். கெட்டிக்காரத்தனம். கை மட்டும் குறுகல். பொம்மையின் விரல்கள் உள்ளே மாட்டிக்கொள்கின்றன. மகள் ஒரு சின்ன பிளாஸ்டிக் உறையைப் பொம்மையின் கையில் மாட்டி வழுக்கிவிட்டாள், சட்டென்று நுழைந்தது. எட்டு.

மூன்றாவது, பழுப்பு நிற நீளக் கோட்டு. முன்பக்கம் இரண்டு வரிசைப் பொத்தான். பொத்தான் எல்லாம் ஒப்புக்கு. உள்ளே ஒரே ஒரு பிரஸ் பட்டன்தான் வேலை செய்கிறது. உள்துணி கொடுத்திருக்கிறார்கள், அதைப் பாராட்டலாம். ஆனால் மேல்துணி அட்டை மாதிரி நிற்கிறது. பெல்ட்டைக் கட்டினால் மூட்டை கட்டின மாதிரி ஆகிவிடுகிறது. ஆறு.

நான்காவது, கையால் பின்னிய இளம்பச்சை ஸ்வெட்டரும் வெள்ளைப் பாவாடையும். கைவேலைச் சந்தை ஒன்றில் ஒரு பாட்டியிடம் வாங்கியதாம். மெல்லிய நூல், மெல்லிய ஊசி, கழுத்தைச் சுற்றி ஒரு கண் கூட விடவில்லை. எனக்கு எழுந்து நின்று கும்பிட வேண்டும்போல இருந்தது. ஒன்பது. இதை ஒட்டுப்பட்டி வைத்த உடுப்புகளோடு ஒரே டப்பாவில் போடாதே என்று மகளிடம் சொன்னேன். அந்த முள் பட்டால் பின்னல் இழை இழையாக வந்துவிடும்.

ஐந்தாவது, ஜீன்ஸ் பேண்ட்டும் கோடுபோட்ட சட்டையும். தையல் கச்சிதம். பேண்ட்டின் நீலம்தான் பயம். அடர் நிறச் சாயம் பொம்மையின் வினைல் உடம்பில் இறங்கினால் கால் நீலம் நீலமாகிவிடும்; லேசில் போகாது. ஒரு வெள்ளைத் துணியை நனைத்துத் தேய்த்தேன். துணி நீலமாயிற்று. இரண்டு தண்ணீர் அலசாமல் போடாதே என்று சொல்லி ஏழு போட்டேன்.

ஆறாவதை எடுத்தேன். மஞ்சள் வாயில் துணியில் பச்சைக் கொடி ஓடிய கவுன். கொடி மெல்லிசு, அளவுக்கு ஏற்ற வேலைப்பாடு. இடுப்பில் சுருக்கு ஒரு பக்கம் நெருக்கம், ஒரு பக்கம் தளர்ச்சி. கீழ் ஓரம் ஏறி இறங்கியிருந்தது. ஒட்டுப்பட்டி இல்லை, பிரஸ் பட்டன் இல்லை. பின்பக்கம் இரண்டு காஜா எடுத்து இரண்டு பாசிமணியைப் பொத்தானாக வைத்திருந்தார்கள். காஜா இரண்டும் பிரிந்துபோய் நூல் நூலாகத் தொங்கின.

"இது யாரோ கத்துக்குட்டி தைச்சது. முதல்ல வெட்டிட்டு அப்புறம் காஜா எடுத்திருக்காங்க. வாயில் துணியில அப்படிச் செஞ்சா இழை நிக்காது. அப்புறம், பாக்கெட் ஏன் இடது பக்கம் மட்டும்? துணி பத்தியிருக்காது. முன்கூட்டியே கணக்குப் போட்டு வெட்டத் தெரியலை. துணியைத் தேர்ந்தெடுத்ததுக்காகப் பத்துக்கு நாலு."

மகள் ஆறு மார்க்கையும் ஒரு தாளில் எழுதிக்கொண்டாள். கடைசி எண்ணை எழுதிவிட்டுக் கொஞ்ச நேரம் பேனாவை மூடாமலே வைத்திருந்தாள்.

"ஆமாம்மா. துணி பத்தலை. அன்னிக்கும் பத்தலைன்னுதான் நீ சொன்னே."

"என்னிக்கு?"

"உன் மஞ்சள் வாயில் புடவை. தலைப்புப் பக்கம் கிழிஞ்சு போச்சுன்னு அதுல எனக்கு ஒரு பாவாடை, மிச்சத்துல என் பொம்மைக்கு ஒரு கவுன். ஒரு பாக்கெட்தான் வந்துச்சு. மத்த கவுனுக்கெல்லாம் பிரஸ் பட்டன். இதுக்கு மட்டும் காஜா எடுத்தே. நான் பொத்தான் போடக் கத்துக்கணும்னு."

எனக்கு அப்போதும் கவுன் ஞாபகம் வரவில்லை. ஞாபகம் வந்தது வேறு. அதை இங்கே எழுதத்தான் இவ்வளவு நேரம் சுற்றி வளைத்தேன்.

1986. அவள் ஒன்றாம் வகுப்பு. அவள் அப்பாவின் சிநேகிதர் ஒருவர் சிங்கப்பூரிலிருந்து ஒரு பார்பி வாங்கி வந்து கொடுத்தார். தெருவிலேயே அப்படி ஒரு பொம்மை யாரிடமும் கிடையாது. பள்ளிக்கூடத்து வெட்டுத்துணிகளையும் வீட்டுக் கிழிசல்களையும் வைத்து அதற்கு ஏழு உடுப்பு தைத்தேன். தையல் வகுப்பில் பிள்ளைகள் ரெக்கார்டு நோட்டில் ஒட்டுவதற்குச் சின்னச் சின்ன மாதிரி உடுப்புகள் தைப்பார்கள். அதனால் அந்த அளவு என் கைக்குப் பழகியிருந்தது.

அந்த வருடம் பள்ளியில் கண்காட்சி. என் பிரிவின் மேஜைக்கு ஏதாவது புதுமை வேண்டும் என்று மகளிடம் ஒரு நாளைக்குக் கடன் கேட்டு அந்தப் பொம்மையையும் ஏழு உடுப்புகளையும் எடுத்துப் போனேன். பார்வையிட வந்த அதிகாரி குடும்பத்தோடு வந்திருந்தார். அவருடைய சின்னப் பெண் பொம்மையை எடுத்துக்கொண்டு தர மாட்டேன் என்று அழுதது. தலைமையாசிரியை என்னைப் பார்த்தார். அப்போது என் வேலை நிரந்தரம் ஆகவில்லை. யாரும் என்னிடம் கொடு என்று வாயைத் திறந்து சொல்லவில்லை. நானாகவே சிரித்துக்கொண்டு, "வச்சுக்கட்டும்மா, குழந்தைதானே" என்றேன். ஏழு உடுப்பையும் ஒரு பையில் போட்டு, நானே கார் வரை கொண்டுபோய்க் கொடுத்தேன்.

வீட்டில் இருந்ததும் ஒரு குழந்தைதான்.

அடுத்த மாதம் வாங்கித் தருகிறேன் என்றேன். அதற்கடுத்த மாதம் என்றேன். கொஞ்ச நாளில் அவள் கேட்பதை நிறுத்திவிட்டாள். சமர்த்துப் பிள்ளை என்று அக்கம்பக்கத்தில் பெருமையாகச் சொன்னேன். அந்த ஜூன் மாதம் எனக்கு நிரந்தர உத்தரவு வந்தது. பொம்மை கொடுத்ததால் வந்ததா, தானாகவே வந்திருக்குமா, எனக்குத் தெரியாது. ஆனால் அந்தக் காகிதத்தைப் பார்த்த சந்தோஷத்தில் பொம்மை விஷயம் எனக்கு முடிந்துபோயிற்று. அவளுக்கு முடியவில்லை என்று நாற்பது வருடம் கழித்து அந்தச் சாப்பாட்டு மேஜையில்தான் எனக்குத் தெரிந்தது.

"நீ குடுத்தது கூடப் பரவாயில்லைம்மா. அன்னிக்கு என்னை அழ விடலை. பொம்மைக்குப் போய் யாராவது அழுவாங்களான்னே."

அவள் கோபமாகச் சொல்லவில்லை. துண்டின் மேலிருந்த உடுப்புகளை ஒவ்வொன்றாக மடித்துக்கொண்டே சொன்னாள். ஊர் ஊராக அலைந்து அதே மாதிரி மஞ்சளில் பச்சைக் கொடி ஓடும் துணியைத் தேடினாளாம். கடைசியில் ஒட்டுத்துணி மெத்தை தைப்பவர்களுக்கான கடையில் கிடைத்ததாம். தையல் கற்றுக்கொள்ள எனக்குப் போன் போட்டால் ஏன், எதற்கு என்று கேட்பேன் என்று, தானாகவே நாலு தடவை தைத்துப் பிரித்து, ஐந்தாவது தடவை தைத்தது இது. நான் வந்தவுடன் கண்டுபிடித்துவிடுவேன் என்று நினைத்திருக்கிறாள். நான் நாலு மார்க் போட்டேன்.

"மன்னிச்சுக்கோ பாப்பா" என்றேன். இத்தனை வருடத்தில் அவளிடம் அந்த வார்த்தையைச் சொன்னது அதுதான் முதல் தடவை. அவள் ஒன்றும் சொல்லாமல் எழுந்து போய் டீ போட்டுக்கொண்டு வந்தாள். வேலைக் காரணத்தைச் சொல்லலாமா என்று வாய் வரை வந்தது. அன்றைக்குச் சொல்லவில்லை. மன்னிப்புக் கேட்ட கையோடு நியாயமும் சொன்னால் கேட்டது வீணாகிவிடும். இரண்டு நாள் கழித்து அவளாகவே, "அப்போ உன் வேலை பர்மனென்ட் இல்லைல்ல?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். அவ்வளவுதான்.

அன்று ராத்திரி அவள் ஒரு பெரிய புத்தகத்தைக் கொண்டுவந்து மடியில் வைத்தாள். 1945-இல் பாரிஸில் நடந்த பொம்மைக் கண்காட்சி பற்றியது. போர் முடியும் தறுவாயில் இருந்த காலம். துணிக்கும் தோலுக்கும் எங்கும் பஞ்சம். பெரிய தையல் நிறுவனங்கள் மனிதர்களுக்குத் தைத்துக் காட்ட வழியில்லாமல், கம்பியால் செய்த பொம்மைகளுக்கு அந்த வருட வசந்தகால உடுப்புகளைத் தைத்தன. மனித உயரத்தில் மூன்றில் ஒரு பங்குப் பொம்மைகள். பொத்தானைக் கழற்றினால் உண்மையாகவே கழறும். கைப்பையைத் திறந்தால் உள்ளே சாமான் இருக்கும். போரால் பாதிக்கப்பட்டவர்களுக்கு நிதி திரட்ட நடந்த அந்தக் கண்காட்சியைப் பார்க்க ஜனங்கள் வரிசையில் நின்றார்கள். அடுத்த வருடம் புது வசந்தகால உடுப்பு மாட்டிப் பொம்மைகளை அமெரிக்காவுக்கு அனுப்பினார்கள். கண்காட்சி முடிந்ததும் திருப்பி எடுத்துப்போக ஆளில்லை. சான்பிரான்சிஸ்கோவில் ஒரு பெரிய ஜவுளிக் கடையின் நிலவறையில் கிடந்தன. 1952-இல் வாஷிங்டன் மாநிலத்தில் மேரிஹில் என்ற அருங்காட்சியகம் அவற்றை எடுத்துக்கொண்டது. பிற்காலத்தில் பாரிஸுக்கே கொண்டுபோய்ச் செப்பனிட்டு மறுபடி காட்சிக்கு வைத்தார்கள்.

ஒரு படத்தில் ஒரு கவுனின் முதுகுப்பக்கம் தெரிந்தது. கழுத்திலிருந்து இடுப்பு வரை பொடிப் பொடிப் பொத்தான். பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். ஒவ்வொன்றும் நேர்த்தி. துணியே கிடைக்காத காலத்தில், யாருமே திருப்பிப் பார்க்காத முதுகுப் பக்கத்துக்கு அவ்வளவு உழைத்திருக்கிறார்கள்.

மறுநாள் காலை மிச்சமிருந்த மஞ்சள் துணியை எடுத்துவரச் சொன்னேன். காஜா எடுப்பதைக் காட்டிக்கொடுத்தேன். உங்களில் பேத்திகளுக்குப் பொம்மை உடுப்பு தைப்பவர்கள் இருந்தால் பயன்படட்டும்: மெல்லிய துணியில், இந்தச் சின்ன அளவில், முதலில் வெட்டக் கூடாது. பென்சிலால் கோடு போட்டு, அடியில் ஒரு சின்னத் துண்டுத் துணி கொடுத்து, கோட்டைச் சுற்றி ஓட்டுத்தையல் போட வேண்டும். அதன்மேல் ஒற்றை நூலில் நெருக்கமாகக் காஜா எடுத்து முடித்த பிறகுதான் நடுவில் வெட்ட வேண்டும். கத்தரிக்கோலைவிட பிளேடு நுனி நல்லது. இரண்டு முனையிலும் குறுக்கே ஒரு ஊசி குத்தி வைத்துக்கொண்டால் பிளேடு தையலைத் தாண்டிப் போகாது.

என் விரல் இப்போது நடுங்குகிறது. ஊசியில் நூல் கோத்துக் கொடுக்கப் பேத்தி வந்தாள். வந்தவள் ஐந்து நிமிடம் நின்று பார்த்தாள். "பாட்டி, இவ்வளவு சின்னதுக்கு இவ்வளவு வேலையா?" என்று கேட்டுவிட்டுப் பந்தை எடுத்துக்கொண்டு ஓடிவிட்டாள். வாசலில் பனி போய்ப் புல் தெரிய ஆரம்பித்திருந்தது.

மகள் பழைய காஜா இரண்டையும் பிரித்து, உள்ளே துண்டுத் துணி கொடுத்து, மறுபடி எடுத்தாள். முதலாவது சுமார். இரண்டாவது நன்றாகவே வந்தது. கீழ் ஓரத்தையும் பிரித்து நேராக்கினாள். சாயங்காலம் கவுனை மறுபடி என் முன்னால் கொண்டுவந்து வைத்தாள். கண்ணாடியை மாட்டிக்கொண்டு திருப்பித் திருப்பிப் பார்த்து ஏழு மார்க் போட்டேன்.

"ஏழுதானா? மிச்சம் மூணு?"

"சுருக்கு இன்னும் சீரில்லை. அதுக்கு ரெண்டு. பாக்கெட் ஒரு பக்கம்தான் இருக்கு. அதுக்கு ஒண்ணு. துணி மிச்சம் இருக்கே, இன்னொரு பாக்கெட் வெட்டித் தரவா?"

"வேண்டாம்மா. அது அப்படியே இருக்கட்டும்" என்றாள்.

அலமாரியில் முன்வரிசையில் ஒரு பொம்மையை எடுத்து அந்தக் கவுனை மாட்டினாள். பொத்தான் இரண்டையும் அவள் போடவில்லை. பொம்மையை என் பக்கம் திருப்பிப் பிடித்துக்கொண்டு நின்றாள். நான்தான் போட்டேன்.